மிக்ஸரின் முன்னால் உட்காரப்போவது யார்? – ஆலய ஒலியமைப்பு பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிறிஸ்துமஸ் நெருங்கும் மாதங்களில் ஆலயங்களில் வெள்ளையடிப்பும், ஒலிச் சாதனங்களை மாற்றும் பேச்சும் சேர்ந்தே தொடங்கிவிடுகின்றன. முறையான பயிற்சி பெறாத வாலிபர்களும் பாடகர் குழுவினரும் தன்னார்வமாக இயக்கும் ஆலயத்துக்கு எந்த மிக்ஸரை (பல மைக்குகள், கருவிகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் சாதனத்தை) வாங்குவது என்றே இம்முறை பெரும்பாலான வாசகர்கள் கேட்டிருப்பதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் ஆலயத்தில் ஏறத்தாழ முந்நூறு பேர் அமரலாம். இதுவரை மைக்குகளை நேரடியாகச் செருகும் பழைய ஆம்ப்ளிஃபயரே போதுமானதாக இருந்தது. இப்போது பாடகர் குழுவுக்கு நான்கு மைக், பிரசங்க பீடத்துக்கு ஒன்று, வேதபாடம் வாசிக்கும் மேசைக்கு ஒன்று, கையில் பிடிக்கும் ஒயர்லெஸ் இரண்டு, கீபோர்டு, கிட்டார், பேஸ் கிட்டார், ரிதம் பேட், பாடல் வரிகளைத் திரையில் காட்டும் மடிக்கணினி என்று எல்லாம் சேர்ந்துவிட்டன. கடைக்காரர் 32 சேனல்கள் (ஒலி நுழையும் தடங்கள்) உள்ள டிஜிட்டல் மிக்ஸர் வாங்கச் சொல்கிறார். கமிட்டியில் மூத்தவர் ஒருவரோ, திருகிவிட்டு உட்காரும் அனலாக் மிக்ஸரே போதும் என்கிறார். இயக்கப்போகிறவர்கள் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் மூவர். ஒருவருக்கும் முன் அனுபவம் இல்லை. எதை வாங்கலாம்?
– சபைச் செயலர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இருவர் சொல்வதையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் கடிதத்தில் இருப்பதையே எண்ணிப் பார்ப்போம். மைக்குகள் எட்டு. கிட்டாரும் பேஸும் டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக மைக் உள்ளீட்டில் செருகப்பட வேண்டியவை என்பதால் மைக் உள்ளீடுகள் பத்தாகின்றன. கீபோர்டு, ரிதம் பேட், மடிக்கணினி ஆகிய மூன்றும் இடம், வலம் என்று இரண்டிரண்டு வயர்களோடு வருகின்றன; அவற்றுக்கு மூன்று ஸ்டீரியோ லைன் உள்ளீடுகள் வேண்டும். ஸ்டீரியோ ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணினால், ஆக மொத்தம் பதினாறு.

பதினாறு என்றதும் 16 என்று அச்சிட்ட பெட்டியை வாங்கி வந்துவிடலாம் என்று தோன்றும். பல சபைகள் இடறுவது இங்கேதான். யமஹாவின் எம்ஜி16எக்ஸ்யூ என்ற அனலாக் மிக்ஸரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எட்டு சேனல்கள் தனித்தனி மைக் சேனல்கள். 9/10, 11/12 ஆகிய இரண்டும் ஸ்டீரியோ சேனல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மைக்கைச் செருகலாம். 13/14, 15/16 ஆகிய இரண்டிலும் மைக்குக்கு இடமே கிடையாது. உங்கள் பத்து மைக் உள்ளீடுகளையும் செருகிய பிறகு மிஞ்சுவது இரண்டு ஸ்டீரியோ சேனல்கள். உங்களுக்கு வேண்டியதோ மூன்று. கீபோர்டை ஒற்றை வயரில் எங்காவது ஒட்டுப்போட்டுச் சமாளித்தாலும், அறுப்பின் பண்டிகைக்கு வெளியூர்ப் பாடகர் குழு வந்து நின்றால் செருக ஓர் ஓட்டைகூட மிஞ்சாது. பெட்டியின் மேல் உள்ள எண்ணை விட்டுவிட்டு, மைக் உள்ளீடு எத்தனை என்று மட்டும் கடையில் கேளுங்கள்.

அடுத்து எண்ண வேண்டியவை மானிட்டர்கள், அதாவது பாடுகிறவர்களும் வாசிப்பவர்களும் தாங்களே கேட்பதற்காக வைக்கும் ஸ்பீக்கர்கள். பாடகர் குழுவுக்கு ஒன்று, கீபோர்டு வாசிப்பவருக்கு ஒன்று, பிரசங்க பீடத்துக்கு ஒன்று என்று மூன்று மானிட்டர் ஸ்பீக்கர்கள் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆக்ஸ் வெளியீடு (தனிக் கலவை ஒன்றை அனுப்பும் வழி) தேவைப்படும். அந்த ஆக்ஸ், ஃபேடருக்கு (சேனலின் ஒலியளவை மேலும் கீழும் நகர்த்தி மாற்றும் கட்டைக்கு) முந்தையதாக, அதாவது ப்ரீ-ஃபேடராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சபையாருக்காக நீங்கள் ஃபேடரை இறக்கும் போதெல்லாம் பாடுகிறவரின் மானிட்டரிலும் ஒலி குறைந்து, அவர் மேடையிலிருந்து கைகாட்டத் தொடங்குவார். மேலே சொன்ன எம்ஜி16எக்ஸ்யூவில் எஃபெக்டுக்கு (எதிரொலி போன்ற செயற்கை ஒலிச் சேர்க்கைக்கு) போவதையும் சேர்த்து நான்கு ஆக்ஸ் உண்டு. அதன் தம்பியான எம்ஜி12எக்ஸ்யூவில் எஃபெக்டையும் சேர்த்து இரண்டே இரண்டு.

இனி, மிக்ஸரின் முன்னால் உட்காரப்போகிறவரைப் பற்றி. மூவரில் ஆர்வம் மிகுந்தவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். மிக்ஸரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவரிடமே போய்ச் சேரும். அவரோ மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போய்விடுவார். எனவே மூவரில் எவர் மிகவும் தயங்குகிறாரோ அவரை அளவுகோலாக வைத்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பார்த்தால் 32 சேனல் மிக்ஸரின் குறை அதன் விலையைவிட அதன் அடுக்குகளில் இருக்கிறது. 2012-இல் வந்த பெஹ்ரிங்கர் எக்ஸ்32 நல்ல மிக்ஸர்தான். பல சபைகளில் ஓடுகிறது. ஆனால் அதே வகையின் சிறிய வடிவமான எக்ஸ்32 காம்பேக்டில் உள்ளீடுகளுக்கென்று ஒரு நேரத்தில் எட்டு ஃபேடர்களே கைக்குக் கிடைக்கும். மற்ற சேனல்களை அதே ஃபேடர்களில் பிடிக்க லேயர், அதாவது அடுக்கு, மாற்ற வேண்டும். போதகர் பேசத் தொடங்கிய பிறகும் அவருடைய மைக் மியூட்டிலேயே இருக்க, அது எந்த லேயரில் இருக்கிறது என்று தேடும் பிள்ளையின் கை நடுங்குவதை ஆலயம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை வரமாட்டார்.

ஆகவே உங்கள் கணக்குக்கு, பதினாறு மைக் உள்ளீடுகளும் பதினாறு சேனல் ஃபேடர்களும் ஒரே பார்வையில் கண்முன் இருக்கும் சிறிய டிஜிட்டல் மிக்ஸரே பொருத்தமானது. யமஹாவின் டிஎஃப்1, ஆலன் அண்ட் ஹீத்தின் க்யூ-16 ஆகிய இரண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. 2015-இல் அறிமுகமான டிஎஃப் வகையில், ஈக்யூவையும் (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்வது) கம்ப்ரஸரையும் (திடீரென உரக்கும் ஒலியை அடக்குவது) ஒரே திருகால் கூட்டிக் குறைக்கும் வசதியும், பெயர்பெற்ற மைக்குகளுக்கான ஆயத்த அமைப்புகளும் இருப்பதால் புதியவர்களுக்கு அதையே முதலில் சொல்வேன். 2023-இல் வந்த யமஹா டிஎம்3 இன்னும் கச்சிதமானது. அதிலும் பதினாறு மைக் உள்ளீடுகள் உண்டு. ஆனால் கைக்குக் கிடைப்பவை எட்டுச் சேனல் ஃபேடர்களும் ஒரு மாஸ்டரும்தான்.

கையொப்பமிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மூவரில் மிகவும் தயங்குகிறவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் கால்மணி நேரம் விளக்கட்டும். பிறகு அவரைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, நான்கு வேலைகளை மட்டும் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்: பிரசங்க பீட மைக்கை மியூட் செய்து மீண்டும் திறப்பது, பாடகர் குழுவின் மானிட்டரில் கீபோர்டை மட்டும் கூட்டுவது, ஒரு மைக்கின் கீழ்த்தள இரைச்சலை ஹை-பாஸால் வெட்டுவது, எல்லாவற்றையும் குழப்பிவிட்டுத் தொடக்க நிலைக்குத் திரும்புவது. இவற்றை யாரையும் கேட்காமல் செய்து முடிக்க முடிகிற மிக்ஸர்தான் உங்கள் ஆலயத்துக்கானது. இன்னொன்றையும் விசாரியுங்கள்: உங்கள் ஊர்ப் பக்கத்தில் அதே மிக்ஸரை வைத்திருக்கும் சபை எது? சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஃபோனில் கேட்க ஒருவர் இருந்தால், விளக்கக் கையேடு தரும் உதவியைவிட அது பெரிது. பக்கத்துச் சபைகள் எல்லாம் எக்ஸ்32 வைத்திருந்தால், நான் மேலே சொன்னதையும் மீறி அதையே வாங்குவதில் நியாயம் உண்டு.

மொத்தப் பணத்தையும் மிக்ஸரில் கொட்டிவிடாதீர்கள். டிஐ பாக்ஸுகள், மைக்குக்கான நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிள்கள், மைக் ஸ்டாண்டுகள் ஆகியவற்றுக்கு முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியில் மிக்ஸரைத் தேடுங்கள்.

கேள்வி: நான் கல்லூரியில் படிக்கிறேன், எங்கள் சபையில் ஒலியைக் கவனிக்கும் இருவரில் நானும் ஒருத்தி. ஃபேடரே இல்லாமல் டேப்லெட்டிலேயே இயக்கும் மிக்ஸர் விலையும் குறைவு, இடமும் மிச்சம் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வாங்கலாம், ஆனால் இரண்டு முன்னேற்பாடுகளோடு. பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18, சவுண்ட்கிராஃப்ட் யூஐ24ஆர், ஆலன் அண்ட் ஹீத் சிக்யூ-20பி போன்றவை மேடையோரத்தில் கிடக்கும் பெட்டிகள். முகத்தில் ஃபேடர் இருக்காது. மைக் கேபிள்களை ஆலயத்தின் மறுகோடிவரை இழுக்க வேண்டியதில்லை என்பதும், டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்று கேட்டபடியே சரிசெய்யலாம் என்பதும் இவற்றின் பெரிய நன்மைகள். நம் ஆலயங்கள் பலவற்றில் மிக்ஸர் பீடத்தை ஒட்டிய உடுப்பறையிலோ பக்கவாட்டு அறையிலோ இருப்பதையும், சபையார் கேட்பது என்னவென்றே தெரியாமல் ஒருவர் அங்கே உட்கார்ந்து திருகிக்கொண்டிருப்பதையும் நினைத்தால், இந்த நன்மை சிறியதல்ல.

முதல் ஏற்பாடு வைஃபை. எக்ஸ்ஆர்18-க்குள்ளேயே இருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. வெள்ளிக்கிழமை மாலை, காலியான ஆலயத்தில் ஒத்திகை பார்க்கும்போது அது பிசகாமல் இருக்கும். ஞாயிறு காலை இருநூறு கைபேசிகள் உள்ளே வந்த பிறகுதான் டேப்லெட் திணறும். அதே அலைவரிசையில் இயங்கும் மலிவான ஒயர்லெஸ் மைக்குகளும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் தனி ரூட்டர் ஒன்றை லேன் கேபிளால் மிக்ஸரோடு இணைத்து, அதற்கு இணைய இணைப்பு எதுவும் கொடுக்காமல், கடவுச்சொல்லை உங்கள் இருவருக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஏற்பாடு, தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பது. வைஃபை போனாலும் ஒலி நிற்காது. கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். கேட்க ஆறுதலாக இருந்தாலும், ஒரு மைக் விசிலடிக்கும் நேரத்தில் தொடர்பு போனால் அதை இறக்க வழியில்லை. எனவே லேன் கேபிளில் இணைத்த மடிக்கணினி ஒன்றில் அதே மிக்ஸரின் திரையைத் திறந்தே வைத்திருங்கள். டேப்லெட்டும் சபைக்கென்று வாங்கியதாக இருக்கட்டும். சொந்தக் கைபேசியில் இயக்கினால், ஜெப நேரத்தில் வரும் ஓர் அழைப்பு திரையை மறைத்துவிடும்.

ஃபேடர்மேல் கை வைத்துப் பழகிய பெரியவர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள். கண்ணாடித் திரையில் இரண்டு சேனல்களை ஒரே நேரத்தில் நகர்த்துவது அவர்களுக்கு எளிதில் கைவராது.

கேள்வி: எங்கள் பங்கில் திருப்பலிக்குப் பீடத்தில் ஒரு மைக், வாசக மேடையில் ஒன்று, பாடகர் குழுவுக்கு இரண்டு, ஒரு கீபோர்டு. அவ்வளவுதான். எங்களுக்கும் டிஜிட்டல் வேண்டுமா?
– பங்குப் பேரவை உறுப்பினர், திருச்சி

பதில்: வேண்டாம். ஆறு மைக் உள்ளீடுகள் உள்ள சிறிய அனலாக் மிக்ஸர் தாராளமாகப் போதும். ஒவ்வொரு மைக் சேனலிலும் கீழ்த்தள இரைச்சலை வெட்டும் ஹை-பாஸ் சுவிட்ச் இருக்கிறதா, சேனலுக்குத் திருகு அல்லாமல் ஃபேடர் இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்து வாங்குங்கள். பத்து சேனல் மிக்ஸர்களில் ஃபேடருக்குப் பதிலாகத் திருகே இருப்பதுண்டு. எது எந்த அளவில் இருக்கிறது என்பதை ஃபேடர் தூரத்திலிருந்தே காட்டிவிடும்; வரிசையாக நிற்கும் திருகுகளில் அது தெரிவதில்லை. மிச்சமாகும் பணத்தைப் பீடத்துக்கு ஒரு நல்ல மைக் வாங்கச் செலவிடலாம்.

கேள்வி: எங்கள் கோயில் பழைய காலத்துக் கட்டடம்; கல் தளம், உயரமான கூரை. மைக் அடிக்கடி விசிலடிக்கிறது. பின்வரிசைக்குப் பிரசங்கம் புரிவதில்லை. புது டிஜிட்டல் மிக்ஸர் வாங்கினால் இந்தத் தொல்லை தீரும் என்று நம்பலாமா?
– சேகரக் கமிட்டி உறுப்பினர், திருநெல்வேலி

பதில்: ஓரளவு குறையும், தீராது. விசில் எப்படிப் பிறக்கிறது என்பதை உங்கள் தன்னார்வலர்கள் புரிந்துகொண்டால், பழைய மிக்ஸரிலேயே பாதிக்குமேல் குறைத்துவிடலாம். ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலி மைக்குக்குள் திரும்பப் போய், மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, இப்படியே சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் விசில். ஆகவே மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம், மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம், திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், விசிலடிக்காமல் கூட்டக்கூடிய அளவில் 3 டெசிபல் குறைந்துவிடும். ஒரு மைக் திறந்திருக்கும் இடத்தில் எட்டு மைக்குகளைத் திறந்துவைத்தால் 9 டெசிபல் பறிபோகிறது. பிரசங்கம் நடக்கும்போது பாடகர் குழுவின் நான்கு மைக்குகளும் வேதபாட மைக்கும் திறந்தே கிடக்கும் ஆலயங்களைப் பாருங்கள். அங்கே போதகரின் குரலைக் கூட்ட முடியாமல் போவதற்கு அவருடைய மைக் காரணமே அல்ல. மறுபுறம், பேசுகிறவர் மைக்குக்கு உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் மைக்குக்குள் போகும் குரல் 6 டெசிபல் கூடுகிறது. இந்தக் கொடையை எந்த மிக்ஸராலும் தர முடியாது. இருபது பேர் கொண்ட பாடகர் குழுவுக்கு நாலடி தள்ளி ஒரு மைக்கை நிறுத்திவிட்டுக் கெயினை (மைக் ஒலியை உள்ளே வரும்போதே பெருக்கும் திருகை) முழுக்கத் திருகுவதைவிட, இரண்டிரண்டு வரிசையாக நெருக்கி நிறுத்தி, மைக்கை அருகே கொண்டுவருவது பலன் தரும்.

புது மிக்ஸர் உதவுகிற இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது, பல டிஜிட்டல் மிக்ஸர்களில் விசிலடிக்கும் அலைவரிசையை மட்டும் தேடி மெலிதாக வெட்டும் வசதி இருக்கிறது; ஆலன் அண்ட் ஹீத்தின் சிக்யூ வகையிலும் சவுண்ட்கிராஃப்ட் யூஐ வகையிலும் இதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. இரண்டாவது உங்கள் பின்வரிசைக்கானது. கல் தளமும் உயர்ந்த கூரையும் உள்ள கட்டடத்தில் முன்னால் உள்ள ஸ்பீக்கர்களைக் கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடவே வளர்ந்து, சொல் இன்னும் குழம்பும். பாதி தூரத்தில் தூண்களில் சிறிய ஸ்பீக்கர்களை மாட்டி, அவற்றுக்குப் போகும் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துவதே வழி. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2.9 மில்லிநொடி வீதம் கணக்கிட்டு, 20 மீட்டர் தள்ளி மாட்டிய ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 58 மில்லிநொடி தாமதம் கொடுக்க வேண்டும். அப்போது முன்னாலிருந்து வரும் ஒலியும் தூணிலிருந்து வரும் ஒலியும் காதில் சேர்ந்தே விழும். சாதாரண அனலாக் மிக்ஸரில் இந்தத் தாமதத்துக்கு வழியில்லை. நீங்கள் வாங்க நினைக்கும் மிக்ஸரில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தாமதம் கொடுக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் வாரத்துக்கு ஒருவர் மிக்ஸரைக் கவனிக்கிறார். ஒவ்வொருவரும் முந்தையவர் வைத்ததை மாற்றிவிடுகிறார்கள். ஆராதனைக்கு முன் வந்து திருகிப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. இதைத் தடுக்க ஏற்ற மிக்ஸர் எது?
– போதகர், வேலூர்

பதில்: ஐயா, இந்த ஒரு காரணத்துக்காகவே நான் டிஜிட்டலின் பக்கம் சாய்வதுண்டு. அமைப்பு முழுவதையும் ஒரு பெயரிட்டுச் சேமித்து, வேண்டும்போது ஒரே தொடுதலில் திரும்ப அழைக்கும் 'சீன்' வசதி டிஜிட்டல் மிக்ஸர்கள் எல்லாவற்றிலும் உண்டு. 'ஞாயிறு தொடக்கம்' என்று ஒன்று, 'வாலிபர் கூட்டம்' என்று ஒன்று, 'திருமணம்' என்று ஒன்று, அதற்குமேல் வேண்டாம். இருபது சீன்கள் இருக்கும் மிக்ஸரில் எது சரியானது என்று ஒருவருக்கும் தெரியாது. சீன்களின் நகலை ஒரு யூஎஸ்பி நினைவகத்தில் எடுத்து, மிக்ஸருக்கு அருகில் வைக்காமல் போதகர் இல்லத்தில் வையுங்கள்.

பூட்டு வசதியையும் கேளுங்கள். ஆலன் அண்ட் ஹீத்தின் க்யூ வகையில் நிர்வாகி, வழக்கமான பயனர், அடிப்படைப் பயனர் என்று மூன்று நிலைகள் உள்ளன. பிள்ளைகளுக்கு அடிப்படை நிலையை மட்டும் கொடுத்துவிட்டால், அவர்கள் ஃபேடரைத் தொடலாம், உள்ளமைப்பைக் கலைக்க முடியாது.

அனலாக் வைத்திருப்பவர்கள் வெள்ளை மாஸ்கிங் டேப்பை நம்பலாம். ஒவ்வொரு ஃபேடருக்கும் கீழே 'பீடம்', 'அல்டோ', 'கீபோர்டு' என்று எழுதி ஒட்டி, கெயின் திருகு நிற்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், கலைந்ததை ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். முடிந்ததும் ஒரு கைபேசிப் படம் எடுத்து, குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவையுங்கள். கெயினைச் சரிபார்க்கும் முறையை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி கற்க வேண்டும்: பிஎஃப்எல் பொத்தானை (ஒரு சேனலை மட்டும் தனியே கேட்டு அளவு பார்க்க உதவுவது) அழுத்தி, பாடுகிறவரை ஆராதனையில் பாடும் அதே உரத்த குரலில் பாடச் சொல்லி, டிஜிட்டல் மீட்டரில் மைனஸ் 18 டெசிபலைச் சுற்றி ஆடும்படி வைக்க வேண்டும். 'ஹலோ, ஒன், டூ' என்று மெல்லச் சொல்லிப் பார்த்து வைத்த கெயின், முதல் கீர்த்தனையிலேயே சிவப்பைத் தொட்டுவிடும்.

கேள்வி: யூடியூபில் ஆராதனையை ஒளிபரப்புகிறோம். ஆலயத்துக்குள் நன்றாகக் கேட்கும் ஒலி, யூடியூபில் குரல் மட்டும் உரக்கவும் தபேலாவே கேட்காமலும் வருகிறது. மிக்ஸரின் குறையா?
– ஊடகக் குழுவினர், சென்னை

பதில்: குறை மிக்ஸருடையது அன்று, ஆலயத்துக்கு அனுப்பும் அதே கலவையை இணையத்துக்கும் அனுப்புவதால் வருவது. தபேலாவும் டிரம்ஸும் தாமாகவே உரத்து ஒலிப்பவை என்பதால் ஆலயத்துக்குள் அவற்றின் ஃபேடர் கீழேயே கிடக்கும். யூடியூபில் கேட்பவருக்கோ அந்த ஃபேடர் அனுப்புவது மட்டுமே போய்ச் சேருகிறது. ஒளிபரப்புக்கென்று ஒரு ஆக்ஸை ஒதுக்கி, அதில் தபேலாவைக் கூட்டி, சபையார் சேர்ந்து பாடுவது கேட்கும்படி கூரையோரத்தில் ஒரு கண்டென்ஸர் மைக்கை மாட்டி, அதை அந்த ஆக்ஸுக்கு மட்டும் அனுப்புங்கள். ஆலய ஸ்பீக்கருக்கு அனுப்பினால் உடனே விசிலடிக்கும். அந்த மைக்குக்கு 48 வோல்ட் பாண்டம் பவர் (மிக்ஸரிலிருந்து கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) வேண்டும். சிறிய அனலாக் மிக்ஸர்களில் பெரும்பாலும் எல்லா மைக்குகளுக்கும் சேர்த்து ஒரே பாண்டம் சுவிட்ச் இருக்கும். அதைப் போடுவதற்கு முன் எல்லாச் சேனல்களையும் மியூட் செய்ய மறக்காதீர்கள்.

புதிதாக மிக்ஸர் வாங்கும் சபைகள், மானிட்டர்களை எண்ணி முடித்த பிறகு ஒளிபரப்புக்கென்று இரண்டு ஆக்ஸுகளைக் கூட்டிக்கொள்வது நல்லது, ஒளிபரப்பும் ஸ்டீரியோவாகிவிடும்.

கேள்வி: ஆராதனை நடுவே மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும்வரை மிக்ஸர் அணைந்துவிடுகிறது. மடிக்கணினியை இணைத்தால் 'உம்' என்ற இரைச்சல் வேறு. அண்ணன் ஒருவர் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்கிறார். செய்யலாமா?
– தன்னார்வலர், தஞ்சாவூர்

பதில்: எர்த் முனையை வெட்டவே கூடாது. ஆம்ப்ளிஃபயரிலோ கீபோர்டு அடாப்டரிலோ மின்கசிவு ஏற்பட்டால், அது இறங்கிப் போக வேறு வழியில்லாமல் எர்த் இல்லாத சாதனத்தின் உலோகப் பகுதிக்கும் மைக்குக்கும் வந்து நிற்கும். மைக்கை முதலில் தொடுகிறவரின் உடல் வழியாகப் போகும். அந்த இரைச்சலுக்குக் காரணம், மடிக்கணினியும் மிக்ஸரும் வெவ்வேறு பிளக் பாயிண்டுகளிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது எர்த் வழியாக உருவாகும் சுற்று. இரண்டையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், மடிக்கணினிக்கும் மிக்ஸருக்கும் நடுவில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் ஒன்றை வையுங்கள். அந்த சுவிட்ச் ஒலிக்கம்பியின் எர்த்தைத்தான் பிரிக்கிறது. மின்கம்பியின் எர்த்தை அல்ல.

மின்வெட்டுக்கு, மிக்ஸரையும் வைஃபை ரூட்டரையும் மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் இணையுங்கள். மிக்ஸர் இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் ஜெனரேட்டர் வரும்வரை தாங்கும். ஆம்ப்ளிஃபயர்களை அதில் சேர்க்காதீர்கள். டிஜிட்டல் மிக்ஸருக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்; அணைந்தால் மறுபடி இயங்கத் தொடங்கச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும், அதுவரை ஆலயம் முழுவதும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஒலிச் சாதனங்களை ஓட்டினால் இரைச்சல் வருவதுண்டு. சைன் அலை தருவதைக் கேட்டு வாங்குங்கள். சாதனங்களைப் போடும்போது மிக்ஸர் முதலிலும் ஆம்ப்ளிஃபயர் கடைசியிலும், அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலிலும் மிக்ஸர் கடைசியிலும் என்ற வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஸ்பீக்கரிலிருந்து 'டும்' என்று வெடிக்கும் சத்தம் இதனால் நிற்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் பழைய மிக்ஸரைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாலிபர் சங்கச் செயலர், ராமநாதபுரம்

பதில்: வாடகைக்கு ஓடிய மிக்ஸர் லாரியிலும் மழையிலும் புழுதியிலும் பயணித்தது என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள். அனலாக் என்றால் ஒவ்வொரு ஃபேடரையும் திருகையும் மெல்ல நகர்த்தும்போது கரகரப்பு வருகிறதா என்று ஹெட்ஃபோனில் கேளுங்கள். மோட்டார் ஃபேடர் உள்ள டிஜிட்டல் என்றால் ஒரு சீனை அழைத்து, எல்லா ஃபேடர்களும் ஒரே நேரத்தில் ஓடி, சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று தயங்கினாலும் விலையைக் குறைத்துக் கேட்கலாம், மூன்று தயங்கினால் விட்டுவிடலாம். மிக்ஸரை ஒரு மணி நேரமாவது அணைக்காமல் ஓடவிடுங்கள், சூடேறிய பிறகே தெரியும் கோளாறுகள் உண்டு. கடைசியாக, ஒரே மைக்கையும் ஒரே கேபிளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு உள்ளீட்டிலும் மாற்றி மாற்றிச் செருகி, கெயினை ஒரே அளவில் வைத்து, ஒரே வரியை வாசித்துப் பாருங்கள். எந்த உள்ளீட்டில் ஒலி மெலிந்தோ கரகரத்தோ வருகிறதோ அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்தச் சேனல்களைக் கழித்துவிட்டு உங்கள் சபைக்குத் தேவையான மைக் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகு விலை பேசுங்கள்.